மாமியார் லீவு

கரையை ஒட்டிக் கடலுக்குள் பாறைமேல் நின்ற கற்கோயிலின் வாசலில் தன் கம்பெனி மேனேஜரைப் பார்த்ததும் ஸ்டோர்கீப்பர் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். மாமியார் தவறிவிட்டார் என்று சொல்லி நேற்றுதான் அந்த மனிதரிடம் லீவு வாங்கியிருந்தார். தவறிப்போன மாமியாரோ பக்கத்திலேயே நின்று, சுவரிலிருந்த கல் சிங்கத்தின் பல்லைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பாவம், இவரும்தான் என்ன செய்வார்? அம்மாவைக் கோயிலுக்குக் கூட்டிப் போகச் சொல்லி மனைவி உத்தரவு. சும்மா கேட்டால் லீவு தருகிற ஆளா மேனேஜர்? அதே சமயம், பொய் சொல்லிப் பிடிபட்டவனை நின்ற இடத்திலேயே வேலையை விட்டுத் தூக்கிவிடுவார்.

"அத்தை, பின்பக்கம் போயிடலாம். கடல் அங்கதான் நல்லா தெரியும்."

அவசரத்தில் மாமியாரை எதிர்ச்சுற்றாகக் கூட்டிக்கொண்டு போனார். ஒழுங்காகச் சுற்றி வந்த மேனேஜர் நேர் எதிரே வந்துவிட்டார். ஸ்டோர்கீப்பர் மாமியாரை அப்படியே விட்டுவிட்டு ஒரு தூணுக்குப் பின்னால் பாய்ந்தார்.

மேனேஜர் கடந்து போனதும் கரைக்கு ஓடிவிடலாம் என்பது திட்டம். அதிலும் மண் விழுந்தது. கடல் தண்ணீர் ஏறிக் கரைக்குப் போகும் பாதை மூழ்கிவிட்டது, வடியும்வரை யாரும் இறங்கக் கூடாது என்று காவலாளி எல்லாரையும் தடுத்துவிட்டார்.

நனையாமல் உட்கார ஒரே ஒரு படிதான் இருந்தது. அதில் மாமியாரும் மேனேஜரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். மாமியார் வாயை மூடிக்கொண்டு இருக்கிற ரகமா? மாப்பிள்ளை புராணத்தை ஆரம்பித்துவிட்டார் என்பது கையாட்டலிலேயே தெரிந்தது. அலைச் சத்தத்தில் பேச்சு கேட்கவில்லை. ஸ்டோர்கீப்பர் தூணோடு தூணாக ஒட்டிக்கொண்டு காதைத் தீட்டினார்.

ஓர் அலை அடங்கியபோது மேனேஜரின் குரல் மட்டும் கேட்டது.

"அவரோட மாமியார் தவறிட்டாங்கன்னு சொன்னாரே. அப்ப நீங்க யாரு?"

மாமியார் திகைத்துப்போய்ச் சுற்றுமுற்றும் பார்த்தார். தூணுக்கு வெளியே தெரிந்த மாப்பிள்ளையின் தொந்தியில் பார்வை நின்றது. அடுத்த அலை பதிலை விழுங்கிவிட்டது. ஆனால் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் வெகுநேரம் பேசினார்.

வேலை போச்சு என்று ஸ்டோர்கீப்பர் முடிவுகட்டிவிட்டார். கடலில் குதிக்கலாமென்றால் நீச்சலும் தெரியாது.

தண்ணீர் வடிந்ததும் மேனேஜர் நேராகத் தூணுக்கு வந்தார்.

"சார், நான் சொல்றத கொஞ்சம் கேளுங்க" என்று ஸ்டோர்கீப்பர் நெருங்கினார்.

மேனேஜர் சட்டென்று பின்வாங்கிக் குரலைத் தாழ்த்தினார்.

"அதோ உட்கார்ந்திருக்காங்களே உங்க மாமியாரோட தங்கச்சி, அவங்க எல்லாத்தையும் சொல்லிட்டாங்க. அக்காவைச் சாகடிச்சதே நீங்கதானாமே?"