மன்னிப்பதற்கு ஆள் கிடைக்கவில்லை

பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பத்திலிருந்து, உன் உடன்பிறந்த அண்ணன் மாசிலாமணி சொல்லச் சொல்ல, உன் அண்ணி பிலோமினா எழுதுவது.

சேசுவுக்கு மணவாட்டியும் எனக்குத் தங்கச்சியுமாகிய சிஸ்டர் செசிலியா அம்மாளுக்கு அநேக தோத்திரம். மாதா புண்ணியத்தில் இங்கு யாவரும் நலம் என்று எழுதச் சொன்னேன். உன் அண்ணி பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "திருவருகைக் காலத்துல, பாலன் பொறக்கப் போற நேரத்துல, பொய் எழுத மாட்டேன்" என்கிறாள். ஆகையால் யாரும் நலமில்லை. எனக்கு முட்டி வலி, அவளுக்கு நான். உன் மடத்தில் கிறிஸ்துமஸ் வரைக்கும் மௌனம், போன் கிடையாது என்கிறார்கள், அதனால்தான் கடிதம். மௌனத்துக்கு முந்தின நாள் போன் போட்டு என் தலையில் இடியை இறக்கிவிட்டு நீ வாயை மூடிக்கொண்டாய். நான் யாரிடம் போய் அழுவது?

நீ என்ன சொன்னாய் என்பது ஒரு எழுத்துப் பிசகாமல் எனக்கு ஞாபகம் இருக்கிறது. "அண்ணே, இந்த வருஷம் தனக்கோடிய மன்னிச்சிடு. நான் கிறிஸ்துமஸுக்கு வர்றேன். வந்தா நீங்க ரெண்டு பேரும் கோயில்ல ஒரே பெஞ்சுல உக்காந்திருக்கணும். இல்லன்னா வர்ல" என்றாய். சொல்வது சுலபம். உங்கள் மடத்தில் சமையலுக்கு முறை வைப்பீர்களே, அதுபோல ஏரியில் எவன் எந்த நாள் எந்த இடத்தில் வலை கட்டுவது என்று ஊர் சீட்டுப் போட்டு வைக்கிற முறைதான் பாடு. நீ மீன்காரன் மகள், உனக்கு அது தெரியும். சாவு விழுந்த வீட்டுப் பாட்டை யாரும் தொடக்கூடாது, துக்கம் கழிந்ததும் ஊர் அதைத் திருப்பிக் கொடுக்கும் என்பதும் தெரியும். சுனாமிக்கு அடுத்த வருஷம், மார்கழியில், முகத்துவாரத்துப் பாடு நமக்கு விழுந்த அன்றுதான் நம் நைனா கண்ணை மூடினார். மழைக்காலம்தான், ஆனால் அன்றைக்கு மட்டும் வானத்தைத் துடைத்து வைத்த மாதிரி இருந்தது. தனக்கோடி அந்தப் பாட்டில் வலை கட்டினான். நைனா குழிக்குள் இறங்கும்போது கரையில் அவன் இறால் கூடை இறங்கியது. ஊர்க்கூட்டத்தில் கேட்டதற்கு, "காலியா கெடந்துச்சு, கட்னேன்" என்றான். அன்று அவன் போட்டிருந்தது பச்சைக் கட்டம் போட்ட லுங்கி, முட்டிக்குக் கீழே கிழிசல். படித்தவன் எழுதி வைத்துவிட்டு மறந்து போகிறான், எனக்கு அந்த வசதி இல்லையே அம்மா. அன்றிலிருந்து நான் அவன் வாசலைத் தாண்டாமல் கருவாடு காயப்போடும் மேட்டைச் சுற்றிக்கொண்டுதான் கோயிலுக்குப் போகிறேன். அன்றிலிருந்து பரலோக மந்திரத்தில் 'எங்களுக்குத் தீமை செய்தவர்களை நாங்கள் பொறுப்பது போல' என்கிற இடம் வந்தால் வாயை மூடிக்கொள்வேன், தாண்டியதும் திறப்பேன். செய்யாததைச் செய்ததாக ஆண்டவரிடமே சொல்லக்கூடாது பார். உன் அண்ணி அந்த இடத்தில் என் தொடையைக் கிள்ளுவாள். இருபது வருஷமாக ஒரே இடத்தில் கிள்ளி அங்கே தோலே தடித்துப் போயிற்று.

சரி, நீ சொன்னாயே என்று திருவருகையின் முதல் வாரம், கோயிலில் முதல் ஊதா மெழுகுவத்தி ஏற்றின அன்று சாயங்காலம், பிலோமினா எனக்குப் பெட்டியில் இருந்த வெள்ளைச் சட்டையை மாட்டிவிட்டாள். என்னைப் புதைக்கும்போது போடுவதற்கு வைத்திருந்த சட்டை. கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். இருபது வருஷத்துக்கு அப்புறம் அந்தத் தெருவில் நடக்கிறேன், நாய்க்கே என்னை அடையாளம் தெரியவில்லை, குரைத்தது. தனக்கோடி வாசலில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். நான் நெஞ்சை நிமிர்த்தி, ஊருக்கே கேட்கிற மாதிரி, "தனக்கோடி! உன்ன நான் மன்னிச்சிட்டேன்" என்றேன்.

"வா மாசிலா, குந்து. இன்னாது அது, பூவம்பழமா?"

"மன்னிச்சிட்டேன்னு சொல்றேன்டா."

"எதுக்கு?"

நடிக்கிறான் என்றுதான் நினைத்தேன். உள்ளேயிருந்து அவன் மருமகள் கஸ்தூரி ஓடிவந்து, "பெரிப்பா, மாமாவுக்கு ரெண்டு வருஷமா ஞாபகம் ஒரு மாதிரி. நாஸ்தா துன்னுட்டு கை கழுவிட்டு வந்து, எங்கடி நாஸ்தான்றாரு. உங்களுக்குத் தெரியாதா?" என்றாள். எனக்கு எப்படித் தெரியும்? அப்புறம் பிலோமினாவைக் கேட்டால், "நீதான் அவன் பேர எடுத்தாலே சோத்துத் தட்ட தள்ளிட்டு எழுந்துடுவியே, யாரு சொல்றது உனுக்கு?" என்கிறாள். அதுவும் சரிதான். ஆனாலும் போன காரியத்தை முடிக்காமல் வரக்கூடாது என்று, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, ஒருவன் நம் பாட்டில் வலை கட்டிய கதையை முதலிலிருந்து எடுத்துச் சொன்னேன். கடைசியில் 'அது நீதான்' என்று முடிக்கலாம் என்று பேரை மட்டும் பிடித்து வைத்திருந்தேன். அதற்குள் அவனுக்கு மூக்கெல்லாம் சிவந்துவிட்டது. "எவன்டா அவன்? சாவு வூட்டுப் பாட்டுல வல கட்னவன்? அவன்லாம் ஒரு மன்சனா, கஸ்மாலம்! சொல்லு மாசிலா, காலை ஒடிக்கிறேன்" என்று எழுந்து நின்றான். எழுந்த வேகத்தில் ஏதோ உறைத்த மாதிரி என் முகத்தைப் பார்த்து, "இரு, நைனா செத்துட்டாரா? எப்போ? எனுக்கு ஏன்டா யாரும் சொல்லல?" என்று கேட்டு, சின்னப் பிள்ளை மாதிரி அழ ஆரம்பித்தான். "எனுக்குத் துடுப்புப் போடக் கத்துக் குடுத்தவருடா அவரு" என்கிறான். அவன் தோளைப் பிடித்து உட்காரவைத்து, கண்ணைத் துடைத்து, ஒரு பழத்தை உரித்து வாயில் வைத்துவிட்டு வந்தேன். மன்னிக்கப் போன இடத்தில் துக்கம் விசாரித்துவிட்டு வந்த முதல் கிறிஸ்தவன் நானாகத்தான் இருக்கும்.

அதோடு போயிற்றா? நேற்றுத் தின்றது மறந்து போகிறவனுக்கு இது மட்டும் மறக்கவில்லை. மறுநாள் விடிந்ததும் நம் வாசலில் வந்து நிற்கிறான். "அவன் கெடச்சானா?" தினம் இதேதான். கஸ்தூரி வந்து கையைப் பிடித்து அழைத்துப் போவாள், மத்தியானம் திரும்ப வருவான். இரண்டாவது வாரம் ஊர்க்கூட்டத்துக்கே போய்விட்டான். தலைவர் ஜெகதீஸ்வரன் ஏரியில் தூர் வாருவதைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போது நடுவில் எழுந்து, "மாசிலாவோட பாட்ட எவனோ எடுத்துக்கினான். கேக்க நாதியில்ல. இது ஊரா, இன்னா?" என்று கத்தினான். அன்றைக்கு 'காலியா கெடந்துச்சு' என்று சொன்ன அதே இடத்தில் நின்று, அதே தொண்டையில். கூட்டம் முழுக்க என்னைப் பார்க்கிறது. பாதிப் பேர் சிரிப்பை அடக்குகிறார்கள், மீதிப் பேர் அடக்கவில்லை. ஜெகதீஸ்வரன் என்னிடம் வந்து மெதுவாக, "இன்னா பெர்சு, எதிராளியையே வக்கீலா வெச்சுக்கினியா?" என்கிறார். எனக்கு எங்கே முகத்தை வைத்துக்கொள்வது?

மூன்றாவது வாரம் ரோஸ் மெழுகுவத்தி. மகிழ்ச்சியின் வாரம் என்று ஃபாதர் பிரசங்கம் வைத்தார். அன்று மாலை கேரல் பாட்டுக்காரர்கள் வீடு வீடாக வந்தார்கள். தனக்கோடி அப்போது நம் வீட்டில்தான் இருந்தான், இப்போதெல்லாம் எங்கே இருப்பான்? கிறிஸ்துமஸ் தாத்தா மிட்டாயை நீட்டியதும், "இந்த ஊர்ல மூஞ்ச மறச்சிக்கினு திரியறவன் நீ ஒருத்தன்தான், நீதான எடுத்தே?" என்று தாடியைப் பிடித்து இழுத்தான். தாடி கையோடு வந்துவிட்டது. தாடிக்குள்ளே இருந்தவர் பங்குப் பேரவைச் செயலாளர். அன்றிலிருந்து அவர் என்னோடு பேசுவதில்லை. தனக்கோடி மறந்துவிட்டான், அவனோடு பேசுகிறார்.

பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். ஃபாதர், "அவரை மன்னிச்சிட்டீங்களா?" என்றார். "ஃபாதர், மன்னிக்கலாம்னுதான் போனேன். தப்புப் பண்ண ஆள் அங்க இல்ல. அவன் உடம்புல வேற ஒருத்தன் குடிவந்து கீறான். இவன் நல்லவன் ஃபாதர், இவன்கிட்ட எனக்கு ஒரு வழக்கும் இல்ல" என்றேன். திரைக்கு அந்தப் பக்கம் அவர் சிரிக்கிறாரா செபிக்கிறாரா தெரியவில்லை. பிறகு பரிகாரம் சொன்னார், மூன்று பரலோக மந்திரம். சரியாக அதையே சொன்னார் பார். மூன்று தடவையும் அந்த இடத்தில் வாய் பூட்டிக்கொண்டது. பரிகாரமே அரைகுறையாகப் போன பாவி நான்.

இப்போது உச்சத்தைக் கேள். நாளைக்கு முகத்துவாரத்துப் பாடு தனக்கோடி வீட்டுக்கு விழுந்திருக்கிறது. கிறிஸ்துமஸுக்கு முன்னால் விழுகிற பாடு, மழைத் தண்ணீர் இறங்கி இறால் ஓடுகிற நேரம், கஸ்தூரி பிள்ளைகளுக்குத் துணி எடுப்பதும் பலகாரம் சுடுவதும் அதில்தான். இவன் இன்று காலையில் வந்து, "மாசிலா, எவனோ உன் பாட்ட எடுத்துக்கினான், என் பாட்ட நீ எடுத்துக்கோ. நைனா பாடுன்னு நெனச்சிக்கோ" என்கிறான். பின்னால் கஸ்தூரி நிற்கிறாள். வேண்டாம் என்று சொல்லவும் அவளுக்கு வாய் வரவில்லை, சரி என்று சொல்லவும் மனசு வரவில்லை. நான் வேண்டாம் என்றேன். அவன் முகம் சுருங்கிவிட்டது. "ஏன், என் பாடுன்னா கசக்குதா? உனுக்கு நான் இன்னாடா கெடுதல் பண்ணேன்?" என்று கேட்டான். அம்மா செசிலியா, இந்தக் கேள்விக்காக இருபது வருஷமாக நான் பதிலை ராவிக் கூராக்கி வைத்திருக்கிறேன். கேட்டவனுக்குச் சொல்ல முடியவில்லை. கடைசியில், சேர்ந்தே கட்டுவோம், வருகிறதெல்லாம் கஸ்தூரிக்கு என்று சொல்லி அனுப்பினேன்.

அதற்குத்தான் சொல்கிறேன், நீ இந்தக் கிறிஸ்துமஸுக்கு வராதே. பெஞ்சு விஷயமா, அது பிரச்சினையே இல்லை, அவன் என்னை விட்டு எங்கே போகிறான்? ஆனால் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு அந்த இடத்தில் நான் வாயை மூடினால் அது உன்னையும் ஏமாற்றுவது, பாலன் சேசுவையும் ஏமாற்றுவது. கோபத்தை நான் கருவாடு போல உப்புப் போட்டு, வெயில் காட்டி, பூனை தூக்காமல் காப்பாற்றி வந்தேன். இப்போது கடை விரித்தால் வாங்குகிறவன் இல்லை, வீடெல்லாம் நாற்றம்தான். அவனுக்கு மறந்துவிட்டது. நீ அன்று ஆந்திராவிலிருந்து பஸ் பிடித்து வருவதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. நைனாவின் கடைசி நாளை முழுசாகத் தெரிந்தவன் இனி நான் ஒருவன்தான். அதைப் பிடித்திருக்கிற இன்னொரு கை அவனுடையது என்று நினைத்திருந்தேன், விரோதியின் கையாக இருந்தாலும். அவனும் விட்டுவிட்டான். நான் மட்டும் இழுத்துக்கொண்டு நிற்கிறேன். மறக்கத் தெரியாதவனை மன்னிக்கச் சொல்வது நீந்தத் தெரியாதவனை முகத்துவாரத்தில் தள்ளுவது. எனக்காக ஒரு பூசை வை. வேறு ஒன்றும் செய்வதற்கில்லை.

உனக்கும் உன் மதர் சுப்பீரியர் அம்மாவுக்கும் மடத்துப் பசுமாட்டுக்கும் எங்கள் ஆசீர்வாதம். உன்னை ஆசீர்வதிக்கிற தகுதி எனக்கு இல்லைதான், இருந்தாலும் உனக்குத் தலை பின்னிவிட்டவன் என்கிற முறையில்.

இப்படிக்கு, நம்பிக்கை அற்றுப்போன உன் அண்ணன்,
மாசிலாமணி (பெருவிரல் ரேகை)

பின்குறிப்பு: மழையில் தபாலுக்குப் போக முடியாமல் கடிதம் வீட்டிலேயே கிடந்தது. நல்லதாகப் போயிற்று. விடியற்காலையில் நானும் தனக்கோடியும் வலை கட்டினோம். என்னை யாரென்று இரண்டு தரம் கேட்டான், ஆனால் கழி நடுகிற கைக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது, ஆழம் பார்க்கவே இல்லை. இறால் நன்றாகவே விழுந்தது. வலையைத் தூக்கும்போது அவன் கை அப்படியே நின்றுவிட்டது. தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, பழைய தனக்கோடியின் குரலில், "மாசிலா, நைனா செத்த அன்னிக்கு இங்க வல கட்னவன் நான்தான?" என்றான். அவன் கண்ணைப் பார்த்தேன். ஆள் அங்கேதான் இருந்தான். இருபது வருஷமாக நான் தேடின ஆள், கண்ணில் தண்ணீரோடு, கைக்கு எட்டும் தூரத்தில் நிற்கிறான். கூராக்கி வைத்த பதில் என் வாய் வரைக்கும் வந்தது.

"எந்த வலடா? நைனா செத்த அன்னிக்குப் புயலு. ஏரியில ஒருத்தனும் எறங்கல" என்றேன்.

"நெஜமாவா?"

"எனுக்குத் தெரியாததா? தூக்குடா, இறால் ஓடிடும்."

அவன் தூக்கினான். கரைக்கு வருவதற்குள், "அவன் கெடச்சானா?" என்று கேட்டான். "செத்துட்டான்டா" என்றேன். "உடு, பாவம்" என்றான். இது பொய்தான். திருவருகைக் காலத்தில் சொன்ன பொய். பாவசங்கீர்த்தனத்தில் சொல்லத்தான் வேண்டுமா என்று உன் மதரைக் கேட்டுச் சொல். ஆனால் ஒன்று, சாயங்கால செபத்தில் அந்த இடம் வந்தது. கிள்ளுவதற்கு நீட்டிய கையை, கிள்ள வேலையில்லாமல், உன் அண்ணி நீட்டினபடியே வைத்திருந்தாள்.

ஆகையால் மேலே எழுதியதையெல்லாம் படிக்காமல் கிழித்துப் போட்டுவிட்டு, கிறிஸ்துமஸுக்கு வந்து சேர். தனக்கோடிக்கு ஒரு பச்சைக் கட்டம் போட்ட லுங்கி வாங்கி வா. கிழிசல் இல்லாததாகப் பார்த்து வாங்கு. ஏன் பச்சைக் கட்டம் என்று கேட்காதே. எனக்கும் வயதாகிவிட்டது, ஞாபகம் ஒரு மாதிரி.