மேனேஜருக்குத் துணை

அந்த வீட்டில் குழாய்க்காரருக்கு என்று இருந்த சொத்து ஒன்றே ஒன்றுதான். முன்னறைக் கட்டில். மேலே மின்விசிறி, பக்கத்தில் ஜன்னல், கை எட்டினால் தண்ணீர்ச் செம்பு. அதனால்தான் மனைவி, "அம்மா தனியா இருக்காங்க, இங்கயே வந்து இருக்கட்டுமே" என்றதும் மனுஷன் ஒரே போடாகப் போட்டார்.

"உங்கம்மா உள்ள வந்தா நான் வெளிய போயிடுவேன்."

"சரிங்க" என்றாள் மனைவி. அவ்வளவுதான். சண்டை இல்லை, அழுகை இல்லை. அப்போதே பயந்திருக்க வேண்டும். அவரோ ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போனார்.

அங்கே மேனேஜர் நின்றது. மேனேஜர் என்றால் கோழி. ஒற்றைக் கோழி. பேச்சுத்துணை இல்லாத கடுப்பையெல்லாம் அவர் குதிகாலில்தான் தீர்க்கும். அன்றைக்கும் தீர்த்தது. துணை சேர்த்துவிட்டால் காலை விட்டுவிடும் என்று முடிவு கட்டி, சந்தையில் இரண்டு கோழி வாங்கி வந்து கூண்டுக்குள் அப்படியே அவிழ்த்துவிட்டார்.

அப்புறம் நடந்ததைச் சண்டை என்று சொன்னால் சண்டைக்கே அவமானம். மேனேஜர் ஒன்றைத் துரத்தியது, இன்னொன்றின் முதுகில் ஏறி மிதித்தது, விலக்கப் போனவரின் மூக்கையும் விட்டுவைக்கவில்லை. வெளியே வந்தபோது தலையெல்லாம் இறகு. பார்க்க அவரே நாலாவது கோழி மாதிரி இருந்தார்.

மனைவி நிதானமாக வந்தாள்.

"பழசுக்கு இது அதோட வீடு. திடுதிப்புனு ஆளைக் கொண்டாந்து விட்டா சும்மா இருக்குமா? நடுவுல கம்பிவலை கட்டுங்க. பார்க்கட்டும். தொட வேண்டாம்."

"அப்புறம்?"

"வலைக்கு ரெண்டு பக்கமும் ஒட்டினாப்புல தீனி வைங்க. தின்னுட்டு இருக்கறப்ப யாருக்கும் கோவம் வராது."

"அப்பவும் கொத்தினா?"

"பழசைத் தூக்கிக் கொஞ்ச நாள் வேற எங்கயாவது வைக்கணும். அதுக்குள்ள புதுசுங்க காலூன்றிக்கும். திரும்பி வரப்போ இதுதான் விருந்தாளி. சத்தமில்லாம ஓரமா நிக்கும்."

குழாய்க்காரர் அசந்துபோனார். "உனக்கு இவ்ளோ மூளை இருக்கறது எனக்குத் தெரியாம போச்சே."

"தெரியாம இருக்கறதே நல்லதுங்க."

வலை கட்டினார். அந்த வாரமே மாமியார் முன்னறை ஜன்னலுக்கு வெளியே வந்து நின்றார். "உள்ள வரல மாப்பிள்ளை. சும்மா பார்த்துட்டுப் போறேன்." உள்ளே வராத ஆளை என்ன சொல்வது? படுத்தபடியே தலையை ஆட்டிவைத்தார்.

அடுத்து, வலையின் இரண்டு பக்கமும் தானியம் போட்டார். கோழிகள் மூக்கோடு மூக்கு வைத்துத் தின்றன. இங்கே மாமியார் ஜன்னல் கம்பி வழியாக வறுத்த வேர்க்கடலையை நீட்டினார். வெளியே அவர் கொறித்தார், உள்ளே இவர் கொறித்தார். கோபம் வரவில்லை. கடலை நல்ல முறுகல்.

வலையை எடுத்ததும் மேனேஜர் பழையபடி கொத்தியது. அதைக் கூடையில் போட்டுக் குளியலறையில் வைத்த அன்று மனைவி சொன்னாள்: "அண்ணன் வீட்டுல குழாய் எல்லாம் மாத்தணுமாம். நீங்களே போய்த் தங்கி முடிச்சுக் குடுத்துட்டு வாங்களேன்."

போனார். மச்சான் வீட்டில் ராஜ உபசாரம். பழைய கோழியை எப்படி ஏமாற்றுவது என்று அங்கே எல்லோருக்கும் வகுப்பு வேறு எடுத்தார்.

திரும்பியதும் நேரே கொல்லைக்கு ஓடினார். மனைவி திரும்பக் கொண்டுவந்து விட்டிருந்த மேனேஜர் கூண்டு மூலையில், புதுசுகள் தின்று முடிக்கட்டும் என்று அடக்கமாகக் காத்திருந்தது. அவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. மார்தட்டிக்கொண்டே முன்னறைக்கு வந்தார்.

கட்டிலில் மாமியார். விசிறி அவருக்காகச் சுற்றியது. செம்பு அவர் கைக்கு எட்டியது. இவருடைய தலையணை மூலையில், ஒரு பாயின் மேல் கிடந்தது.

கத்தத்தான் வாயைத் திறந்தார். சத்தியமாகக் கத்தத்தான். ஆனால் கால் வாசற்படியிலேயே நின்றுவிட்டது. குரல் தானாக இறங்கிவிட்டது.

"உள்ள வரலாமா அத்தை?"

அத்தை மகளைப் பார்த்தார். மகள் சொன்னாள்:

"பயப்படாம வாங்க. அம்மா கொத்த மாட்டாங்க."