பள்ளத்துக்கு ஒரு ஷரத்து

குழாயில் தண்ணீர் வராவிட்டால் நீங்களும் நானும் வாளியைத் தூக்கிக்கொண்டு பக்கத்துத் தெருவுக்கு ஓடுவோம். ஓடாத ஒரு ஜாதி மனிதர் இருக்கிறார். அவர் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டு, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, "இதுக்கு ஒரு சட்டம் வரணும்" என்பார். தெருவிளக்கு எரியவில்லையா? சட்டம். குப்பை வண்டி வரவில்லையா? சட்டம். குப்பை வண்டி வந்து, குப்பையை எடுக்காமல், பாட்டு மட்டும் போட்டுவிட்டுப் போகிறதா? திருத்தச் சட்டம். அவருடைய சட்டையில் மேல் பொத்தான் அறுந்து ஒரு வாரம் ஆகியிருக்கும். அது அவர் கண்ணில் படாது.

இந்த ஜாதியில் சுத்தமான ஒருவரை உங்களுக்குக் காட்டுகிறேன். பெரிய நகரம் ஒன்றில் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். எதற்கும் சட்டத்தில் ஒரு ஷரத்து, அதாவது ஒரு பிரிவு, கேட்பதால் தெருவில் அவருக்கு ஷரத்து சார் என்று பெயர். முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர்தான். ஆனால் ஒருநாள் அது அவர் காதில் விழுந்தபோது, கோபம் வரும் என்று எல்லோரும் பயந்திருக்க, மனிதர் முகமெல்லாம் மலர்ந்து போனார்.

அந்த நகரத்தை இனி எப்படி நிர்வகிப்பது என்று புது மசோதா ஒன்று வந்தது. பொதுமக்கள் கருத்துச் சொல்லலாம், கேட்க ஒரு குழு இருக்கிறது என்று அறிவித்தார்கள். இப்படி அறிவித்தால் பொதுமக்கள் யாரும் சொல்ல மாட்டார்கள் என்பது அறிவித்தவர்களுக்குத் தெரியும். ஷரத்து சாருக்குத் தெரியாது. மசோதாவை வரி விடாமல் படித்தார். படித்ததோடு விட்டாரா? கடைக்கு வருபவர்களின் பார்வையைச் சோதிக்க எழுத்து அட்டை ஒன்று இருக்குமே, அதை எடுத்துப் பெட்டிக்குள் போட்டுவிட்டு மசோதாவைக் கையில் கொடுத்தார்.

"படிங்கம்மா. எது வரைக்கும் தெளிவா தெரியுது?"

"'ஒருங்கிணைந்த நகர ஆணையம்'... அதுக்குக் கீழ கலங்கலா இருக்கு சார்."

"கலங்கலாத்தான் இருக்கும். அந்த ஷரத்தையே கலங்கலாத்தான் எழுதியிருக்காங்க!"

கண்ணாடி வாங்க வந்த அம்மாள் அதிகாரப் பகிர்வைப் பற்றித் தெரிந்துகொண்டு, கண்ணாடி வாங்க மறந்து வீட்டுக்குப் போனாள்.

சிரிக்காதீர்கள். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அவர் வீட்டு வாசலில், கேட்டுக்கு நேர் எதிரே, சாக்கடையை மூடியிருந்த சிமெண்டு சிலாப்பை ஒரு மணல் லாரி உடைத்துவிட்டுப் போயிருந்தது. ஆள் இறங்கினால் இடுப்பு வரை போகும் பள்ளம். ஷரத்து சார் சாலைத் துறைக்குப் போனார். "சாலை எங்களது, சாக்கடை வடிகால் துறையோடது" என்றார்கள். வடிகால் துறைக்குப் போனார். "மழைத் தண்ணி ஓடினா நாங்க. உங்க தெருவுல என்ன ஓடுது?" என்று கேட்டார்கள். என்ன ஓடுகிறது என்று சொன்னார். "அப்ப அது குடிநீர் வாரியத்துல கழிவுநீர்ப் பிரிவு." கழிவுநீர்ப் பிரிவில் ஒரு நல்ல மனிதர் இருந்தார். உட்காரச் சொன்னார், டீ வரவழைத்துக் கொடுத்தார், பிறகு மிகுந்த மரியாதையோடு சாலைத் துறைக்கு வழி சொன்னார். ஒரு பள்ளத்துக்கு மூன்று துறை. மூன்று துறைக்கும் சேர்ந்து ஒரு சிலாப் இல்லை. எல்லாவற்றையும் ஒரே ஆணையத்தின் கீழ் கொண்டுவந்தால் விடியும் என்று அவர் நம்பியதில் என்ன தப்பு? நானாக இருந்தாலும் நம்பியிருப்பேன்.

தப்பு அடுத்த படியில்தான் நடந்தது. மாடியில் குடியிருந்த தையல்காரர் இறங்கி வந்து, "சார், ஒரு கொத்தனாரக் கூப்பிட்டா அரை நாள் வேலை. ஒரு சிலாப்பப் போட்டுருவோமா?" என்றார்.

ஷரத்து சார் பதறிப்போனார். "தொடாதீங்க! அது நம்ம சாட்சி. மசோதாக் குழு பார்வையிட வரப்போகுது. வந்து பாக்கும்போது பள்ளம் இல்லேன்னா என் வாதமே போச்சு!"

அதோடு நிற்கவில்லை. இப்படி ஆளாளுக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தால் அதிகாரிகள் எந்தக் காலத்திலும் எழுந்திருக்க மாட்டார்கள் என்று யோசித்து, குழுவுக்கு ஒரு யோசனையும் அனுப்பினார். ஆணையத்தின் ஆட்களைத் தவிர வேறு எவரும் வடிகாலைத் தொடவோ மூடவோ கூடாது, மீறிப் போட்ட மூடி அகற்றப்படும் என்று ஒரு ஷரத்து. அன்றைக்கு அவர் கடையை நேரத்தோடு மூடிவிட்டு, விசிலடித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தார். பள்ளத்தைச் சுற்றிக்கொண்டுதான் வந்தார்.

அவர் மனைவி ஆஸ்பத்திரியில் நர்ஸ். காலை ஷிப்டுக்கு இருட்டோடு கிளம்ப வேண்டும். தோளில் பை, கையில் டிபன் டப்பா, வாயில் முணுமுணுப்பு. கேட்டைப் பிடித்துக்கொண்டு ஒரு தாவுத் தாவி அந்தப் பக்கம் போவாள். ஒருநாள் தாவியதில் கேட்டில் கை வழுக்கிவிட்டது. செருப்பும் டப்பாவும் உள்ளே போயின. அவள் முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு விளிம்பில் தொங்கினாள். தையல்காரர்தான் ஓடி வந்து தூக்கினார். ஷரத்து சார் பஞ்சும் மருந்தும் எடுத்து வந்தார், காயத்தைத் துடைத்தார். அதுவரை எல்லாம் சரி. துடைத்துக்கொண்டே, "இதையும் சேத்து எழுதி அனுப்பறேன், கண்டிப்பா ஒரு தண்டனை ஷரத்து வெச்சே தீரணும்" என்றார் பாருங்கள், அங்கேதான் கெட்டது.

அவள் காலை இழுத்துக்கொண்டாள். "சட்டம் நல்லாவே வரட்டும். நான் வேணாம்னு சொல்லல. அது வர்ற வரைக்கும் நான் எங்க கால வைக்கறது?"

மனிதர் பஞ்சை மறுபடி மருந்தில் நனைத்துக்கொண்டு அவள் காலைத் தேடினார்.

"எங்கண்ணன் வீட்டுல இருக்கேன். பள்ளத்த மூடிட்டு போன் பண்ணுங்க."

போய்விட்டாள். முதல் வாரம் ஷரத்து சார் வீராப்பாக இருந்தார். இரண்டாவது வாரம் பால் பொங்கி அடுப்பை அணைத்தது. அவர் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார், மசோதா படித்துக்கொண்டு. இரவில் படுக்கையின் மறுபாதி காலியாகக் கிடந்தது அவரை என்னவோ செய்தது. மச்சானுக்குப் போன் போட்டார்.

"எப்படி இருக்கா மச்சான்?"

"நல்லாத்தான் இருக்கா மாப்பிள்ளை. எங்க வாசல்ல குதிக்க ஒண்ணும் இல்லையேன்னுதான் ஒரே குறை."

குழு வந்ததா என்று கேட்கிறீர்களா? வரவில்லை. ஆனால் மசோதா நிறைவேறியது! ஷரத்து சார் கடைக்கு விடுமுறை விட்டுவிட்டு, நல்ல சட்டை போட்டுக்கொண்டு, புது ஆணையத்துக்கு ஓடினார். வாசலில் பெயிண்ட் காயாத பெயர்ப்பலகை. உள்ளே ஒரே அறை. அறைக்குள் மூன்று மேஜை. ஒன்றில் சாலைத் துறைக்காரர், ஒன்றில் வடிகால்காரர், மூன்றாவதில் டீ வாங்கிக் கொடுத்த அந்த நல்ல மனிதர். இவரைப் பார்த்ததும் மூவரும் எழுந்து, சொந்தக்காரர் வந்த மாதிரி வரவேற்றார்கள்.

"இப்ப எல்லாம் ஒண்ணாயிட்டோம் சார். முன்னெல்லாம் நீங்க பஸ் ஏறி அலையணும். இப்ப மேஜைக்கு மேஜை நடந்தாப் போதும்."

"அப்ப என் பள்ளம்?"

"சட்டம் வந்திருச்சு. அதுக்கு விதிமுறை வரணுமே! விதிமுறை வராம நாங்க ஒரு துரும்பக் கூட அசைக்க முடியாது சார்."

அவர் வெளியே வந்து வெயிலில் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு, வாழ்க்கையில் முதல் தடவையாக, எந்த ஷரத்தையும் கேட்காமல், நேரே போய் ஒரு கொத்தனாரைக் கூட்டி வந்தார். தையல்காரர் சொன்னது சரிதான், அரை நாள் வேலை. சிமெண்டு காய்ந்ததும் போன் போனது. மறுநாள் சாயங்காலம் அவள் வந்தாள். சிலாப்பின் மேல் ஏறி நின்று, குதிகாலால் இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்தாள். உள்ளே போய்ப் பாலை அடுப்பில் வைத்தாள். ஷரத்து சாருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

கதை இங்கே முடிந்திருக்கலாம். ஒரு மாதம் கழித்து ஆணையத்தின் வண்டி ஒன்று வாசலில் வந்து நின்றது. கடப்பாரையோடு நாலு பேர், காகிதத்தோடு ஓர் அதிகாரி.

"யார் போட்ட சிலாப் இது? புது ஷரத்துப்படி தனியார் யாரும் வடிகாலை மூடக் கூடாது. எடுத்துருவோம்."

ஷரத்து சார் காகிதத்தை வாங்கிப் பார்த்தார். அவர் எழுதி அனுப்பிய அதே ஷரத்து. ஒரு எழுத்து மாறவில்லை. அவர் அனுப்பிய அத்தனை யோசனைகளிலும் இது ஒன்றைத்தான் எடுத்துக்கொண்டிருந்தார்கள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பெருமையில் பாதி, வயிற்றெரிச்சலில் பாதி. கடப்பாரை சிலாப்பை நெருங்கியது. உள்ளேயிருந்து மனைவி வந்து, கடப்பாரைக்கு முன்னால், சிலாப்பின் நடுவில், இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். அவரைப் பார்த்தாள்.

அவர் பார்வை காகிதத்துக்கும் மனைவிக்கும் நடுவில் இரண்டு தடவை போய் வந்தது. பிறகு அவரும் சிலாப்பில் ஏறி அவள் பக்கத்தில் நின்றார்.

"ஷரத்து ரொம்பச் சரி. அருமையான ஷரத்து. ஆனா விதிமுறை வந்திருச்சா?"

அதிகாரி விழித்தார். "இன்னும்... இல்ல."

"விதிமுறை வராம ஒரு துரும்பக் கூட அசைக்க முடியாதே!"

வண்டி வந்த வழியே திரும்பிப் போனது. விதிமுறை மட்டும் சீக்கிரம் வந்துவிடக் கூடாதே என்று அன்று முதல் தினமும் வேண்டிக்கொண்டிருக்கிறார், நகரத்திலேயே சட்டத்தை அதிகம் நேசிக்கும் அந்த மனிதர்.

என்ன, சிரிப்பு வருகிறதா? வரட்டும். வீட்டு வாசலைப் பார்க்காமல் சட்டப் புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் இந்த மாதிரி ஆட்களை எதற்கு வெளியே விட்டு வைத்திருக்கிறார்கள், இவர்களைக் கட்டுப்படுத்த ஏதாவது ஒரு வழி செய்தால் என்ன என்று கூட உங்களுக்கு இந்நேரம் தோன்றியிருக்கும். இதற்கென்று ஒரு சட்டம் கொண்டுவந்தால் தேவலை, இல்லையா?

தோன்றியதா? அப்படியானால் எழுந்து போய் முதலில் உங்கள் சட்டையின் மேல் பொத்தானைப் பாருங்கள்.