திட்டாத திட்ட முகாமையாளர்

மாம்புரி,
திங்கள் மாலை.

அன்புள்ள தம்பி கிளைட்டனுக்கு,

கட்டார் நாட்டு வெயிலிலும் நீ சுகமாயிருக்க மாதாவை மன்றாடுகிறேன். இங்கே காற்றுக்குக் குறைவில்லை. முதலில் ஒரு கேள்வி: திட்ட முகாமைத்துவம் என்றால் என்ன? நீ விளக்கியும் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. பட்டம் பெற்றவள் என்பதற்காக நேசறி என்கிற எங்கள் பாலர் பள்ளியின் பெற்றோர் சங்கம் என்னைத் திட்ட முகாமையாளர் ஆக்கிவிட்டது.

கட்ட வேண்டியது ஒரேயொரு மலசலகூடம். அது இல்லாததால் பிள்ளைகள் பற்றைக்குப் பின்னால் போகிறார்கள். அங்கே பாம்பைக் கண்ட சின்ன றிஷ்னா பிறகு நேசறிக்கு வரவேயில்லை. கதவுள்ள இடம் இருந்தால் வருவாளாம். நாளை மறுநாள் விடுமுறை முடிந்து புதிய தவணை தொடங்குகிறது. நீ தொலைபேசியில் சொன்னபடியே செய்தேன்: ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பொறுப்பாளி, எதற்குப் பின் எது என்ற ஒழுங்கு, தினமும் ஒரு விசாரிப்பு. மேசன் நிக்கொலஸை விசாரித்தால், "றொபின்சன் கதவு நிலையைத் தந்தாத்தானே மிஸ் நான் சுவரை முடிக்கிற" என்கிறார். மரவேலை றொபின்சனோ, "சுவர் இல்லாம எதுக்கு மிஸ் நான் அளவெடுக்கிற, காத்துக்கா?" என்கிறார். இருவரும் மச்சான்மார், ஒரு கலியாண வீட்டில் முறிந்த பேச்சு இன்னும் ஒட்டவில்லை. ஆகவே செய்தி கொண்டுபோவதும் வருவதும் நான். கடைசியில், ஏன் இவ்வளவு தாமதம் என்று நிக்கொலஸைக் கேட்டேன். அவர் வியப்போடு பார்த்தார். "நீங்க இன்னும் திட்டவே இல்லியே மிஸ். திட்ட முகாமையாளர் எண்டாங்க. திட்டினாத்தானே அவசரம் எண்டு விளங்கும்?"

பிறகுதான் தெரிந்தது: ஊரே அந்தச் சொல்லை அப்படித்தான் விளங்கியிருக்கிறது. நேசறிக்குப் பக்கத்தில் அப்பம் சுடும் பாக்கியம்மா, "என்ட மருமகனையும் ஒருக்காத் திட்டி உடுங்க மிஸ், உங்கட வேலதானே" என்று வாசலில் வந்து நிற்கிறார். எனக்குத் திட்ட வராது, வேண்டுமானால் எனக்காக நீங்களே திட்டுங்கள் என்று அனுப்பிவிட்டேன். இது எனக்குச் சரிவராது, தம்பி. நாளைக்கே விலகுகிறேன்.

மச்சாளுக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு. ஆண்டவர் உங்களைத் திட்டமிட்டுக் காப்பாராக.

அக்கா,
யூஜீனியா

பி.கு.: செவ்வாய் மாலை. விலகத்தான் போனேன். விடியவே பாக்கியம்மா மச்சான்மார் இருவரையும் சுவரடியில் நிறுத்தி, "மிஸ் சொல்லித்தான் திட்டுறன், கேட்டுக்கோங்க" என்று தொடங்கினாராம். மதியத்துக்குள் நிலை நின்றது. பின்னேரம் கதவும் வந்தது. "மிஸ் லேசுப்பட்ட ஆளில்ல, ஆள் வச்சுத் திட்டுறா" என்று ஊர் மெச்சுகிறது. கதவைப் பார்த்தேன். தாழ்ப்பாள் வெளிப்பக்கம் இருந்தது. "உள்ளுக்கு எண்டு நீங்க சொல்லல்லியே மிஸ்" என்றார்கள் மச்சான்மார், ஒரே குரலில்.

அப்போது திட்டினேன். நன்றாகவே வந்தது. தாழ்ப்பாள் இப்போது உள்ளே இருக்கிறது. றிஷ்னா அதைப் பலமுறை போட்டுத் திறந்து பார்த்துவிட்டு, நாளைக்கு வருவதாகச் சொன்னாள்.