ஹா வரிசை, எண் 213

காரைக்காலில் உட்கார்ந்துகொண்டு ஜப்பானிய மொழியில் ஒரே ஒரு எழுத்தை மட்டும் கரைத்துக் குடித்த மனிதர், உலகத்திலேயே ஒருவர்தான் இருந்திருக்க முடியும். மற்ற எழுத்துகளெல்லாம் அவரைப் பொறுத்தவரை அடுத்த செக்‌ஷன் வேலை. அப்பா அம்மா வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. எங்களுக்கு அவர் ஹா சார். இதை அவர் இருக்கும்போதே எழுதியிருக்கலாம். எழுதவில்லை.

நாங்கள் இருவரும் பிறப்பு இறப்புப் பதிவுப் பிரிவில் வேலை பார்த்தோம். பழைய பதிவேடுகளைக் கணினியில் ஏற்றச் சொன்னபோது, ஆளுக்குச் சில எழுத்துகள் என்று பிரித்துக் கொடுத்தார்கள். எனக்கு க, ச, ம என்று மூட்டை மூட்டையாக வந்தது. அவருக்கு வந்தது ஹா. திருமலைராயன்பட்டினத்து ஹாஜா, ஹாரூன், ஹாஜிரா என்று அத்தனை பேரையும் ஏற்றி முடித்து, இரண்டு முறை சரிபார்த்தும் விட்டார். "ஒரு ஹாஜாவக்கூட விடல தம்பி" என்று சொன்னபோது அவர் முகத்தில் மகளுக்குக் கல்யாணம் முடித்த களை இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் கப்பலில் வேலை பார்க்கும் பட்டினத்துக்காரர் ஒருவர், மகளின் பிறப்புச் சான்றிதழுக்காக வந்தார். அவர் செல்போன் ஒலித்தது. புரியாத மொழியில் ஒரு பெண் உருகி உருகிப் பாடினாள்.

"இது என்ன பாட்டுங்க?" என்றார் ஹா சார்.

"ஜப்பான் பாட்டு சார். அங்க துறைமுகத்துல ஒருத்தர் அனுப்பிவிட்டாரு. பேரு 'ஹா'ன்னு ஆரம்பிக்கும். மீதி மறந்துபோச்சு."

வந்தவர் சான்றிதழை வாங்கிக்கொண்டு போய்விட்டார். ஹா சாருக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. பாதிப் பெயரோடு ஒரு விஷயத்தை விட்டுவைப்பது அவர் உடம்புக்கே ஒத்துக்கொள்ளாது. மறுநாளிலிருந்து, ஹா என்று ஆரம்பிக்கும் ஜப்பானியப் பாட்டுகளை ஒவ்வொன்றாகத் தேடிக் கேட்க ஆரம்பித்தார். முப்பத்தேழாவதாகக் கேட்டது அந்தப் பாட்டு. செக்‌ஷனே நிம்மதிப் பெருமூச்சு விட்டது.

"அதான் கெடச்சிருச்சே சார், விட்டுடலாமே?" என்றேன்.

"அதெப்படிங்க? முப்பத்தேழு பேர உள்ள உக்கார வச்சுட்டு, மத்தவங்கள வாசல்லயே நிறுத்துறதா?"

பெரிய அளவு நோட்டு ஒன்றில் கோடு போட்டு, வரிசை எண், பாட்டின் பெயர், பாடியவர், கேட்ட தேதி என்று பதிவேடாகவே தயார் செய்தார். ஒரு பாட்டை மூன்று முறை கேட்டால்தான் பதிவு. ஒருமுறை கண்ணைத் திறந்துகொண்டு, ஒருமுறை மூடிக்கொண்டு, மூன்றாவது முறை வேலை பார்த்துக்கொண்டே. இந்த மூன்றாவது முறையில்தான் எங்களுக்குத் தலைவலி. உயிரோடிருந்த ஒருவர் பிறப்புச் சான்றிதழ் கேட்டு வந்து, இறப்புச் சான்றிதழோடு வெளியே போனது அப்போதுதான். வாசல்வரை ஓடிப்போய் அதைப் பிடுங்கி வந்தேன்.

பாட்டின் பெயரில் சந்தேகம் வந்தால், செல்போனில் அந்தப் பாட்டுக்குக் கீழேயே அலுவலகக் கடிதம் எழுதுவார். "பார்வையில் கண்ட பாடலின் முதல் எழுத்து 'ஹா'தானா என்பதை உறுதிசெய்து தெரிவிக்கக் கோரப்படுகிறது." சுத்தத் தமிழில். யாரோ ஒரு ஜப்பானியர் பதிலுக்குக் கும்பிடு போட்டிருந்தார். அதை ஒப்புதலாக எடுத்துக்கொண்டார்.

அந்த எழுத்தை எழுதவும் பழகிக்கொண்டார். ஒரு நேர்கோடு, பக்கத்தில் சிலுவை போட்டு அடியில் ஒரு சுழி. நாளடைவில் கோப்புகளில் பிள்ளையார் சுழி போகும் இடத்தில் அது உட்கார்ந்துகொண்டது. மேலிடத்திலிருந்து ஒரு கோப்பு, "மேற்படி குறியீட்டுக்கு விளக்கம் தேவை" என்று திரும்பி வந்தது. இரண்டு பக்கத்துக்கு விளக்கம் எழுதினார். அதன் பிறகு மேலிடம் வாயைத் திறக்கவில்லை.

என் தங்கை நிச்சயதார்த்தம் கோட்டுச்சேரியில் நடந்தது. யாரோ விளையாட்டாகப் பாடச் சொல்ல, மனிதர் எழுந்து நின்று எழுபத்தொன்றாம் எண்ணைப் பாடிவிட்டார். மாப்பிள்ளை வீட்டார் அதைப் பிரெஞ்சு என்று நினைத்து, முன்வரிசையில் இருந்த சொல்தா பெரியவரைப் பார்த்தார்கள். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் அவருக்கும் ஒன்றும் புரியவில்லை. ஆனால் எல்லாரும் பார்க்கிறார்களே என்று எழுந்து விறைப்பாக நின்றார். அவரைப் பார்த்து மொத்தக் கூட்டமும் நின்றது. பாட்டு முடிந்ததும் ஹா சார் என்னிடம், "உங்க சொந்தக்காரங்க ரொம்ப மரியாத தெரிஞ்சவங்க தம்பி" என்று கண் கலங்கினார்.

இப்படியே அவர் ஓய்வுபெறும் மாதம் வந்தது. பதிவேட்டில் இருநூற்றுப் பன்னிரண்டு. அதற்குமேல் எத்தனை தேடியும் கிடைக்கவில்லை.

"வர்ற வெள்ளிக்கிழம ஹாவ மூடப்போறேன் தம்பி. எல்லாருக்கும் பூந்தி வாங்கித் தரேன்" என்றார். அவர் குரலில் அத்தனை நிறைவை நான் கேட்டதில்லை.

எனக்கு அன்று நாக்கில் சனி. "என்ன சார், அதுக்குள்ள மூடுறீங்க? 'ஹாத்தோமிசுக்கே' பாட்ட எழுதிட்டீங்களா?" என்றேன். அப்படி ஒரு பாட்டு கிடையாது. அந்த நிமிடம் வாயில் வந்ததை உளறினேன்.

அவர் முகம் வெளுத்தது. நோட்டைத் திறந்து 213 என்று எண் போட்டு, பெயரை என்னிடமே எழுத்துக் கூட்டிக் கேட்டு எழுதினார். செக்‌ஷன் முழுக்கச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தது. நானும்தான்.

சிரிப்பு வெள்ளிக்கிழமை வரை கூடத் தாங்கவில்லை. எங்கள் பிரிவில் பிரெஞ்சுக்காரர்கள் காலத்திலிருந்து ஒரு வழக்கம். பதிவேட்டில் ஏறிய பெயரை அடிக்கவே கூடாது. தவறு என்று தெரிந்தால், ஓரத்தில் குறிப்பு எழுதித் தேதியும் கையெழுத்தும் போட வேண்டும். அந்த வழக்கத்தை அவர் அளவுக்குக் கட்டிக்கொண்டு அழுதவர் யாரும் இல்லை. 213 கிடைக்கும்வரை ஹாவை மூட முடியாது. பூந்தி வரவில்லை. மாலையும் கழுத்துமாக விடைபெற்றபோதும் நோட்டு அவர் அக்குளில் இருந்தது.

ஹா சார் தலத்தெருவில் தனியாக இருந்தார். மனைவி தவறி வெகுநாள் ஆகிவிட்டது, மகள் கோயம்புத்தூரில். உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று ஒரு மாலை வீட்டுக்குப் போகும் வழியில் அங்கே இறங்கினேன். டீ போட்டுக் கொடுத்தார். "அந்தப் பாட்டு கெடச்சுதா சார்?" என்றுதான் வாயில் வந்தது.

"தேடிக்கிட்டு இருக்கேன் தம்பி. நாளைக்கு வாங்க."

மறுநாளும் போனேன். அதற்கடுத்த நாளும். இரண்டு வருடம் தினமும் மாலையில் இறங்கினேன். தினமும் டீ, ஏதாவது ஒரு ஹா பாட்டு, பிறகு அதே கேள்வி, அதே பதில். சொல்லிவிட வேண்டும் என்று போய், சொல்லாமல் திரும்புவதே எனக்கு வழக்கமாகிவிட்டது.

பிறகு எனக்குப் புதுச்சேரிக்கு மாற்றல் வந்தது. முதலில் வாரம் ஒருமுறை போன், அப்புறம் மாதம் ஒருமுறை. கடைசியாக அவரே கூப்பிட்டார். "இந்தப் பக்கம் வந்தா ஒரு டீ குடிச்சுட்டுப் போங்க தம்பி."

"அடுத்த வாரம் கண்டிப்பா வரேன் சார்" என்றேன். போகவில்லை. பெரிய காரணம் ஒன்றும் இல்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

துக்கத்துக்குப் போனபோது, அவர் மகள் நோட்டை என் கையில் கொடுத்தார். "அப்பா இத உங்ககிட்டதான் குடுக்கணும்னு சொல்லியிருந்தாங்க."

213-ஆம் எண் இருந்த பக்கத்தைத் திறந்தேன். பெயருக்குப் பக்கத்து ஓரத்தில், ஓய்வுபெற்ற அடுத்த மாதத் தேதியில், சிவப்பு மையில் குறிப்பு: "விசாரித்ததில் இப்பெயரில் பாட்டு எதுவும் இல்லை எனத் தெரிகிறது. எனினும் தகவல் தந்தவர் தினமும் தேநீருக்கு வருகிறார். ஆகவே விசாரணை தொடர்கிறது." அடியில் கையெழுத்து.

அதற்குக் கீழே இன்னொன்று, கொஞ்சம் நடுங்கிய எழுத்தில்: "தகவல் தந்தவருக்கு மாற்றல். வரும்வரை நிலுவையில் வைக்கவும்."

ஹா வரிசையை மூட வேண்டியது இப்போது என் பொறுப்பு. ஒரு கோடு போட்டு, "முடிந்தது" என்று எழுதினால் போதும். இரண்டு முறை பேனாவை எடுத்துவிட்டேன், முடியவில்லை. அவர் குறிப்புக்குக் கீழே, "தகவல் தந்தவர் வந்தார், தாமதமாக" என்று மட்டும் எழுதித் தேதி போட்டுக் கையெழுத்திட்டிருக்கிறேன். விசாரணை தொடரட்டும் சார்.