சாம்பாரைத் துடைத்த தலைவி

தலைவி ஆவதற்கு வாய் வேண்டும் என்பார்கள். எனக்கு அது கிடையாது. என்னைத் தலைவியாக்கியதே அதற்காகத்தான்.

ஓசூரில் ஒரு கம்பெனியில் காண்ட்ராக்டில் கூட்டித் துடைக்கும் பெண்கள் நாங்கள் பன்னிரண்டு பேர். கேண்டீனில் மேசை துடைக்கலாம். உட்கார்ந்து சாப்பிடக் கூடாது. கக்கூஸ் கழுவுகிறவர்கள் பக்கத்தில் இருந்தால் மற்றவர்களுக்குச் சோறு இறங்காதாம். மாடிப்படிக்குக் கீழே, பினாயில் கேன்களுக்கு நடுவில்தான் எங்கள் சாப்பாடு. (புளிச்சோறா, பினாயில் சோறா என்று நாக்குக்கே தெரியாது.)

கடைசியில், கேண்டீனில் எங்களுக்கும் இடம் கேட்டு வேலையை நிறுத்துவது என்று முடிவானது. கூட வேலை செய்த மெகருன்னிசா அக்கா என்னைக் காட்டிச் சொன்னார்: "நான் முன்னால போனா என் வாயே சண்டைய இழுத்துரும். ராஜம்மா போகட்டும். அவ கோழியக்கூட வெரட்ட மாட்டா."

கை ஓங்கக் கூடாது, திட்டக் கூடாது, மாப்பைத் தொடக் கூடாது. இவ்வளவுதான் பேச்சு.

காலையிலிருந்து கேண்டீன் வாசலில் உட்கார்ந்திருந்தோம். இடுப்பு விட்டுப்போனது. சாப்பாட்டு நேரத்தில் சூப்பர்வைசர் வந்து, எங்களைப் பார்த்துக்கொண்டே சாம்பார் வாளியைக் காலால் தள்ளிவிட்டார். தரையெல்லாம் மஞ்சளாக ஓடியது.

"யாரு தொடைக்காம இருக்கீங்கன்னு பாக்கறன்!"

பதினொரு பேர் அசையவில்லை. நான் எழுந்துபோய் சுவரோரம் இருந்த மாப்பை எடுத்தேன். (சத்தியமாக யோசிக்கவில்லை. இருபது வருஷத்துக் கை.) பாதி துடைத்த பிறகுதான் மெகருன்னிசா அக்காவின் குரல் கேட்டது.

"அடிப்பாவி! தலைவியே வேலைக்குப் போயிட்டாளே!"

சூப்பர்வைசர் சிரித்தார். எனக்குக் கண் இருட்டி முட்டி மடங்கியது. பக்கத்து நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டேன். கேண்டீனுக்குள்ளே. மாப்போடு.

"ஏம்மா, எந்திரி!"

முடிந்தால் எழுந்திருக்க மாட்டேனா? வெட்கத்தில் பேச்சும் வரவில்லை. தலை குனிந்தபடி இருந்தேன். நான் வேண்டுமென்றே இடம் பிடித்து உட்கார்ந்ததாக வாசலில் இருந்த எங்கள் பெண்கள் எடுத்துக்கொண்டார்கள். ஒவ்வொருவராக டிபன் பாக்ஸோடு உள்ளே வந்து சத்தமில்லாமல் உட்கார்ந்தார்கள். சூப்பர்வைசர் கத்தினார். மெகருன்னிசா அக்கா பிறந்ததிலிருந்து முதல் முறையாகப் பதில் பேசவில்லை. என் முன்னால் தன் டப்பாவைத் திறந்து வைத்தார். மெஷினில் வேலை செய்யும் ஒருவர் வந்து எங்கள் மேசையிலேயே தன் தட்டை வைத்தார். அதற்கு மேல் சூப்பர்வைசருக்குச் சத்தம் எழும்பவில்லை.

அடுத்த வாரமே எங்களுக்கும் அங்கே இடம் என்று சொல்லிவிட்டார்கள். வேலையை விட்டு நிற்கும்வரை அதே நாற்காலியில் சாப்பிட்டேன். (சாம்பார் வெறும் தண்ணி. அதற்கு யாரும் போராடவில்லை.)

இப்போதும் வீட்டில் ஏதாவது கொட்டினால், நான் அசைவதற்குள் மருமகள் சொல்லிவிடுவாள்: "அத்த, உக்காருங்க. உக்காந்தாதான் நீங்க தலைவி."

உட்கார்ந்துகொள்கிறேன். அவள் அந்தப் பக்கம் போனதும் கால் விரலால் துணியை மெல்ல இழுத்துத் துடைத்துவிடுகிறேன்.