அத்தான் எடுத்த கனமான பெட்டி

அன்பு மருமகளுக்கு,

முட்டியும் பல்லும் கைவிட்டாலும் பேனா மட்டும் இன்னும் சொன்னபடி கேட்கும் உன் மாமா எழுதுவது. இங்கே நலம். அங்கே நீயும் உன் அம்மாவும் சண்டைக்கு நடுவே நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

இனி நான் சொல்லப்போவதை ஒருவரும் நம்பப்போவதில்லை என்று மேஜைமேல் அடித்துச் சத்தியம் செய்கிறேன்.

பாகங்களைத் தனித்தனியாக வாங்கிக் கம்ப்யூட்டரை நீயே பூட்டப்போவதாகவும், பவர் சப்ளை ஐந்நூற்றைம்பது வாட் போதுமா, எழுநூற்றைம்பது வேண்டுமா என்றும் கேட்டிருந்தாய். "உங்கப்பா எரிச்சது போதாதா? பேசாம கடையில ரெடியா இருக்கறத வாங்கு" என்று உன் அம்மா தடை போட்டதையும் எழுதியிருந்தாய்.

அந்தக் காலத்தில் வாட்டாவது, மண்ணாவது! பவர் சப்ளைப் பெட்டியைக் கையில் தூக்கிப் பார்ப்போம். கனமாக இருந்தால் உள்ளே செம்பு, லேசாக இருந்தால் வெறும் காற்று, அவ்வளவுதான் எங்கள் விஞ்ஞானம். நானும் உன் அப்பாவும், அதாவது என் அத்தானும், நானூறு பெட்டி தூக்கினோம், என் வலது கை ஒரு முழம் நீண்டதே அன்றைக்குத்தான். "சார், வாங்க வந்தீங்களா, எக்சர்சைஸ் பண்ண வந்தீங்களா?" என்றார் கடைக்காரர். கடைசியாக ஒன்றைத் தூக்கவே முடியவில்லை. "இதான் மாப்ள!" என்று கத்தினார் அத்தான். அதை ஏற்றியதும் பஸ் ஒருபக்கமாகச் சாய்ந்தே வந்தது, நாங்கள் இறங்கிய பிறகுதான் நிமிர்ந்தது.

அதை மாட்டிய கம்ப்யூட்டர் பதினோரு நாள் ராஜா மாதிரி ஓடியது. அதில்தான் உன் அம்மா தன் ஆராய்ச்சிக் கட்டுரையை அடித்துக்கொண்டிருந்தாள், நாற்பது பக்கம். பன்னிரண்டாம் நாள், சாப்பாட்டு நேரத்தில், டப்! எதிர்வீட்டுக் கடிகாரம் பின்னோக்கி ஓடியது; மூன்று தெரு தள்ளி ஒரு வழுக்கைத் தலையில் முடி முளைத்தது. நாற்பது பக்கமும் ஹார்ட் டிஸ்க்கோடு போய்ச் சேர்ந்தன. பெட்டியைப் பிரித்தால் உள்ளே செம்பு எங்கே? கனத்துக்காக ஒரு சிமெண்டுக் கட்டியை ஒட்டியிருந்தான் படுபாவி! "எவன் இத எடுத்தது?" என்றாள் அக்கா. "நான்தான்" என்றார் அத்தான். அதற்கப்புறம் முப்பது வருஷம், பல்பு வாங்கக் கிளம்பினால்கூட "கனமா பாத்து வாங்கிட்டு வந்துடாதீங்க" என்பாள். அவர் என்னைப் பார்த்துச் சிரிப்பார். அந்தச் சிரிப்பு நின்று மூன்று வருஷமாகிறது. இப்போதெல்லாம் கடையில் எதைக் கையில் எடுத்தாலும், என்னை அறியாமல் எடை பார்த்துவிட்டுப் பக்கத்தில் திரும்பிப் பார்க்கிறேன்.

ஆகவே நீ தூக்கிப் பார்க்காதே, கூட்டிப் பார். நீ எழுதிய சாமான்கள் எல்லாம் சேர்ந்து நானூறு வாட் தின்னும். மேலே மூன்றில் ஒரு பங்கு விட்டால், ஐந்நூற்றைம்பதே தாராளம்.

உன் வீட்டில் மின்சாரம் விடாமலும், அம்மாவின் கோபம் விட்டு விட்டும் வர என் ஆசிகள்.

இப்படிக்கு,
மாமா

பி.கு.: இதை மட்டும் அம்மாவிடம் காட்டு. பஸ் சாயவில்லை. முடி முளைக்கவில்லை, முளைத்திருந்தால் முதலில் எனக்குத்தான். சிமெண்டும் என் சரக்கே. உள்ளே இருந்தது வெறும் இரும்புத் தகடு. அத்தான் அட்டையில் எழுதியிருந்ததையெல்லாம் படித்து, கூட்டிக் கழித்து, லேசான நல்ல பெட்டியைத்தான் எடுத்தார். அவர் அந்தப் பக்கம் திரும்பியதும் அதை அலமாரியில் வைத்துவிட்டுக் கனமானதைப் பையில் போட்டவன் நான். நீ அவர் பெண், தைரியமாகப் பூட்டு. அவர் "நான்தான்" என்றது மட்டும் நிஜம். சொல்லும்போது, நான் வாயைத் திறந்துவிடாதபடி, என் காலை மிதித்துக்கொண்டிருந்தார்.